பேரு யாருக்கு, காசு யாருக்கு?

'என்ஜாய் எஞ்சாமி' தெரியாத பிள்ளை எங்கள் கரையான்சாவடி மாலை வகுப்பில் ஒருவர்கூட இல்லை. 'தெருக்குறள்' கேட்டிருக்கிறீர்களா என்றால் மூன்று கைதான் உயர்கிறது. தோழர்களிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

தெருக்குறள் 2019இல் வந்த ஆல்பம். எழுதிப் பாடியவர் அறிவு, இசை ஆஃப்ரோ. படத்துக்காகப் போட்ட பாட்டுகள் இல்லை. கதாநாயகனுக்குப் பொருந்துமா என்ற கவலை இல்லாமல் நேராக அரசியல் பேசியவை. அதற்கு அடித்தளம் 2018 ஜனவரியில் விழுந்தது. பா. இரஞ்சித்தும் தென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அப்போதுதான் சென்னையில் மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். சாவு வீட்டோடு நிற்கட்டும் என்று ஒதுக்கிய கானாவும் பறையும் கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் சமமாக நின்றன. அந்தக் குழுவில்தான் அறிவும் பாடினார். அரக்கோணத்துக்காரர். ஆவடி, அம்பத்தூர் வழியாகப் போகும் அதே ரயில் பாதை! எங்கள் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

2021 மார்ச்சில் எஞ்சாமி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, இங்கே திரும்பியும் நிலமற்றவராகவே வாழ்ந்த பாட்டி வள்ளியம்மாளின் கதை அதற்குள் இருக்கிறது. ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. இரஞ்சித் கேள்வி கேட்ட பிறகே அவருக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவர் இல்லாமலே பாட்டு ஒலித்தது. எழுத்தும் மெட்டும் தன்னுடையவை என்று அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். 2024இல் சந்தோஷ் நாராயணனே, வெளியிட்ட 'மாஜா' நிறுவனத்திடமிருந்து யாருக்கும் ஒரு காசும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் பார்த்த பாட்டு அது.

இதைப் 'பண்பாட்டு மூலதனம்' என்று எம்.ஏ.வில் படித்தோம். வகுப்பில் அப்படிச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். "பேரு யாருக்கு, காசு யாருக்கு?" என்று கேட்டால் உடனே சண்டை தொடங்குகிறது. அந்தச் சண்டை நமக்குத் தேவை.

ஏனென்றால் இவர்களும் எழுதுகிறார்கள். கல்யாணத்துக்குக் கானா கட்டி, போனில் பதிந்து, யாரோ ஒரு அண்ணனின் சேனலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காகிதம் எதுவும் கிடையாது. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால் இப்போது பாட்டு நோட்டில் தேதியும், யார் வரி யாருடையது என்பதும் எழுதச் சொல்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தைச் சேர்ந்து கேட்கிறோம். 2024இல் வந்தது. இந்த முறை பாட்டியின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது.