பதில் கிடைக்கிற வீடு

சீசன் காலத்தில் உல்லைக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். அறுகம்பேயின் அலைகளைத் தேடி ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை வருகிற வெள்ளைக்காரர்களோடு பத்து வயதுப் பொடியன் ஒருவன் தடையில்லாமல் ஆங்கிலம் கதைத்துக்கொண்டிருப்பான். சிலருக்கு எபிரேயச் சொற்கள்கூட வரும். அந்தப் பொடியனின் ஆங்கிலத்துக்காக உம்மா பொத்துவிலில் டியூசன் காசு கட்டிக்கொண்டிருப்பார்.

வகுப்பில் வராத மொழி மணலில் எப்படி வந்தது? அங்கே அவன் ஒன்று கேட்டால் ஒருவர் குனிந்து முகம் பார்த்துப் பதில் சொல்கிறார். பிழையாகச் சொன்னாலும் விளங்கிக்கொள்ளப் பார்க்கிறார். பிறகு அவனிடமும் ஒன்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். கைக்குழந்தை “ங்கா” என்றதும், “என்ன மனே, பசிக்குதா?” என்று கேட்டுவிட்டு அடுத்த சத்தத்துக்காகத் தாய் பொறுத்திருக்கிறாளே, அதுவும் இதே காரியம்தான்.

இந்த விஷயத்தில் நம் கரை கொடுத்துவைத்தது. பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று எங்கே பார்த்தாலும் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே பிள்ளை வளர்வது உம்மம்மாவின் கண்ணுக்குள். சாச்சியும் பெரியம்மாவும் அடுத்த வளவுகளில். “எங்க போற?”, “இத ஆர் தந்த?”, “என்ன தின்ட நீ?” என்று ஆளுக்கொரு கேள்வி வரும். எல்லோருக்கும் பதில் சொல்லாமல் பிள்ளை வேலியைத் தாண்ட முடியாது. இரவில் கரண்ட் போனால் உம்மம்மா நொடி போடுவார். விடை தெரியாத பிள்ளை ஊகித்து ஊகித்து, தான் அறிந்த சொல்லையெல்லாம் வெளியே எடுக்கும். பேச்சுப் பழக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை.

இப்போது வேலி இருந்த இடத்தில் மதில் நிற்கிறது. உம்மா கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், சமையலும் உடுப்புத் துவைப்பும் முடிந்து களைத்த உம்மம்மா பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் போனில் ஓடும் கார்ட்டூன் நாள் முழுக்கக் கதைக்குமே தவிர, பிள்ளை சொன்னதை ஒருபோதும் கேட்காது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

வெளிநாட்டிலிருந்து உம்மாவோ வாப்பாவோ எடுக்கிற வீடியோ கோல் அப்படியல்ல. அந்தப் பக்கம் கேட்கிற ஆள் இருக்கிறார். அதையும் நாம் “வாப்பாக்குச் சலாம் சொல்லு, முத்தம் குடு” என்று முடித்துவிடுகிறோம். “இன்டைக்குக் களப்பில என்ன கண்ட?” என்று வாப்பா கேட்கட்டும். பிள்ளை தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும் வரை ஒருவரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. “வோட்டர் குடி, ஹேண்ட் வொஷ் பண்ணு” என்று இளம் தாய்மார் கதைப்பதைக் கேட்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. பல மொழி காதில் விழுவதால் பிள்ளையின் பேச்சு பிந்தாது. மத்ரஸாவில் அறபு, பாணமைப் பக்கத்துச் சிங்களம், கடற்கரை ஆங்கிலம் எல்லாம் வரட்டும். ஆனால் கோபத்தையும் பயத்தையும் ஆசையையும் முழுதாகச் சொல்ல ஒரு மொழி வேண்டும். அதை வீடுதான் கொடுக்க முடியும். நம் வீட்டுத் தமிழ் கொச்சை என்று கூச்சப்படுவோருக்கு ஒன்று சொல்வேன்: கல்முனைக்குடியில் 1944இல் பிறந்து இதே பேச்சைக் கேட்டு வளர்ந்த எம்.ஏ. நுஃமான்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகி, ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ எழுதினார். பிள்ளை சொல்லும் கதையை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். அது பிழையாகச் சொன்னதை உங்கள் பதிலுக்குள் சரியாகச் சொன்னால் போதும்.

“ஆம்பிளப் புள்ள பிந்தித்தான் கதைக்கும்” என்று சொல்லி நாள் கடத்துவதும் வேண்டாம். 6 மாதமாகியும் சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராத பிள்ளை, 2 வயதில் “உம்மா வா” என்று இரண்டு சொல் சேர்க்காத பிள்ளை என்றால், வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் அன்றே சொல்லுங்கள். அவர் அனுப்பும் கிளினிக்கில் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேளாத காதை நேரத்தோடு கண்டுபிடித்தால் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது.