ஆற்றுக் கல்லுக்கு அடியில்

"தண்ணி கண்ணாடி மாதிரி ஓடுதே சார், இதுக்கு என்ன குறை?" தாமிரபரணியைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது இப்படிக் கேட்பார்கள். விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் அல்லவா, கேள்வி என்னிடம்தான் வரும். கல்லைப் புரட்டிப் பாருங்கள் என்பேன்.

மாணவர்களை வருடாவருடம் பாபநாசம் பக்கம் மலையடிவாரத்துக்கு அழைத்துப் போவேன். ஓட்டமுள்ள இடத்தில் ஒரு கல்லைத் தூக்கினால் அடியில் ஓர் ஊரே இருக்கும். வால்போல மூன்று இழைகள் நீண்ட மேஃபிளைக் குஞ்சுகள் கல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடும். கேடிஸ் என்ற பூச்சியின் புழு, வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணலை ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் இருக்கும். தட்டானின் குஞ்சு, நத்தை, சின்ன நண்டு எல்லாம் உண்டு. மீன்களுக்குச் சாப்பாடே இவைதான்.

அங்கிருந்து கீழே வந்து, ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்தில் பார்ப்போம். மேஃபிளை ஒன்றுகூட இருக்காது. சேற்றில் சிவப்பு சிவப்பாகப் புழுக்கள் நெளியும். கொசு போலவே இருந்தாலும் கடிக்காத ஒரு பூச்சியின் புழு அது. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு. அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் பிழைத்துக்கிடக்கிறது. சாக்கடைக் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, மேஃபிளை மூச்சுத் திணறிப் போய்விடுகிறது.

இங்கிலாந்தில் இதற்கு மார்க்கே போட்டு வைத்தார்கள். சுத்தமான நீரில் மட்டும் வாழும் மேஃபிளைக் குடும்பங்களுக்கு 10, சிவப்புப் புழுவின் குடும்பத்துக்கு 2, சேற்று மண்புழு இனத்துக்கு 1. கிடைத்த குடும்பங்களின் மார்க்கைக் கூட்டினால் ஆற்றின் நிலை தெரியும்.

பாட்டிலில் பிடித்த தண்ணீர் அன்றைய சேதியை மட்டும் சொல்லும். ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்ட கழிவு, விடிவதற்குள் ஓடிப்போயிருக்கும். இந்தப் பூச்சிகள் மாதக்கணக்கில் அதே இடத்தில் கிடப்பவை. போன மாதம் நடந்ததற்கும் சாட்சி.

கெடுதல் சாக்கடையால் மட்டும் வருவதில்லை. மணல் அள்ளினால் இவற்றின் வீடே லாரியில் ஏறிப் போகிறது. அள்ளும்போது கலங்கும் வண்டல் கீழே போய்க் கற்களின் இடுக்கை அடைக்கிறது, செவுள்களையும் மூடுகிறது. பாபநாசத்தில் தலைமுழுகி ஆற்றோடு விடும் துணிகள் கற்களைப் போர்த்திக் கிடக்கின்றன. அணையில் தண்ணீரைத் திடீரென்று திறந்து திடீரென்று நிறுத்தினாலும், ஒரு பங்கு அடித்துக்கொண்டு போகும், இன்னொரு பங்கு கரையோரம் காய்ந்து சாகும்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. கழிவை நிறுத்தி, மேலே மலையில் இந்த உயிர்கள் மிச்சமிருந்தால், வெள்ளத்தோடு மிதந்தும் பறந்து வந்து முட்டையிட்டும் மறுபடி குடியேறிவிடும். ஆகவே மேலே இருக்கும் ஓடைகளைக் காப்பது கீழே இருக்கும் ஆற்றுக்கு விதைநெல் சேர்த்து வைப்பது போல.

பேரப்பிள்ளைகளோடு ஆற்றுக்குப் போனால், ஆழமில்லாத இடத்தில் ஒரே ஒரு கல்லைப் புரட்டிக் காட்டுங்கள். பார்த்து முடித்ததும் இருந்தபடியே மெதுவாகத் திருப்பி வைத்துவிடுங்கள். அடியில் குடித்தனம் நடக்கிறது.