கொல்லை மரமும் கீர்த்தி நகரும்

ஊரை விட்டு வந்தவர்க்கு வந்த ஊரிலே முதற் சுற்றமாவது தாம் நட்டு வளர்த்த மரமே. தில்லி ராஜேந்திர நகரில், 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகளுக்காக எழுந்த அக்குடியிருப்பில், எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு ஷீஷம் மரம் நின்றது. நம் நாட்டு ஈட்டி மரத்துக்கு அது நெருங்கிய சுற்றம். அந்த உறவு கருதியே என் தந்தையார் 1966-இல் அதை நட்டார் போலும்.

ஷீஷ மரத்துக்கென்றே ஒரு நோய் உண்டு. நுனிக்கிளை முதலில் காயும். பின் காய்ச்சல் கீழிறங்கி மரத்தையே கொள்ளும். எங்கள் மரமும் 2019-இல் அவ்வாறே பட்டுப்போயிற்று. பின்சந்தோ குறுகியது, பாரந்தூக்கி நுழையாது. கயிறு கட்டிக் கிளை கிளையாய் இறக்க வேண்டும். அதற்குக் கேட்ட கூலியைக் கேட்டு நான் மலைத்துப் போனேன்.

“மரத்தையே கூலியாகக் கொடுத்துவிடேன்” என்றார் அடுத்த வீட்டுக்காரர். அந்த யோசனையுடன் படேல் நகர், ஷாதிப்பூர் கடந்து கீர்த்தி நகர் சென்றேன். நாற்காலியும் கட்டிலும் வாங்க அங்கே போகாத தில்லித் தமிழர் குறைவு. ஆயினும் கடைகளுக்குப் பின்னே உள்ள மரச் சந்தையைக் கண்டவர் சிலரே. வாள் இரைச்சல் செவியை அடைக்கிறது. அறுத்த மரத்தின் மணம் மூக்கை நிறைக்கிறது. பலகைகள் சுவர்போல் அடுக்கப்பட்டு நிற்கின்றன.

அங்கிருந்த முதிய வியாபாரி முதலில் கேட்டது மரத்தையன்று, அனுமதிச் சீட்டை. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமாயினும் மர அதிகாரியின் உத்தரவின்றி வெட்டலாகாது. விண்ணப்பித்துப் பெற்று, மார்கழியில் அவரை அழைத்து வந்தேன்.

அடிமரம் பதின்மூன்று அடி நீளம். நடுவிற் சுற்றளவு நான்கு அடி. சுற்றளவில் கால் பங்கைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது மர வணிகர் கணக்கு. அதன்படி பதின்மூன்று கன அடி. உண்மைக் கன அளவு பதினாறரைக்கும் சற்று மேல். அந்த வித்தியாசம் பட்டைக்கும் அறுப்புச் சேதத்துக்கும் என்பது வழக்கு. பேரம் படிந்தது: மரம் அவருக்கு; வெட்டி அப்புறப்படுத்தும் பொறுப்பும் அவருக்கே. பணம் கைமாறவில்லை.

அப்போது அவர் விரல் அடிமரத்தில் ஓரிடத்தில் நின்றது. “இங்கே ஆணி இருக்கிறது” என்றார். துணிக்கொடி கட்ட என் தந்தையார் அடித்த ஆணிகள் அவை. மரம் நுனியில் உயர்கிறது. அடியில் பருக்க மட்டுமே செய்கிறது. ஆதலால் ஆணி அடித்த உயரத்திலேயே நின்று, நாளடைவில் மரத்துக்குள் புதைந்துவிடுகிறது. ஓர் ஆணி போதும், இயந்திர வாளின் பல்லைக் கெடுக்க. அடி மூன்றடித் துண்டு தமக்கு வேண்டாம் என்றும், அதை எடுத்துப் போகத் தனிக் கூலி வேண்டும் என்றும் சொன்னார்.

நான் வழக்காட வாயெடுத்தேன். அதுவரை வாசற்படியில் பேசாமல் அமர்ந்திருந்த என் தாயார், “அதை இங்கேயே விட்டுவிடச் சொல், எனக்கு வேண்டியது அதுதான்” என்றார்.

மீதிப் பத்தடி கீர்த்தி நகர் சென்றது. தச்சர் ஒருவர் துண்டிலிருந்து ஆணிகளைப் பொறுமையாகப் பிடுங்கி, கைவாளால் அறுத்து இரண்டு மணைகள் செய்து தந்தார். ஆணி இருந்த இடங்களில் கரிய வட்டங்கள் தங்கிவிட்டன. இழைத்துப் போக்கவா என்று அவர் கேட்டபோது, தாயார் வேண்டாமென்று தலையசைத்தார்.

இத்தகைய பேரம் செய்ய நேரும் அன்பர்களுக்கு ஒரு சொல். அனுமதி பெற்ற பின்னரே விலை பேசுங்கள். மரம் நிற்கும்போதே அளந்துகொள்ளுங்கள். கிளையும் வேரும் யாருக்கு, சுவர் இடிந்தால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன், எந்தத் துண்டைக் கொடுக்கலாகாது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, ஆணிகள் என்னைக் காப்பாற்றின.