வெறும் கேஸ்தான்!

"ஒண்ணுமில்லடி, வெறும் கேஸ்தான்!"

வயிற்றைப் பற்றிக் கேட்டால் அம்மா பல வருடங்களாகச் சொன்ன பதில் இது. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு கல்லாகக் கனக்கும். எரிச்சல், ஓயாத ஏப்பம். ஓமத் தண்ணீர், சுக்குக் காபி, மெடிக்கல் ஷாப் ரோஸ் கலர் மருந்து... இரண்டு நாள் அடங்கும், பிறகு திரும்பும்.

போன வருடம் அம்மாவின் ஜாக்கெட்டுகள் தொளதொளத்தபோதுதான் எனக்கு உறைத்தது. வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?" என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்தார். மூட்டு வலி மாத்திரை! பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிக் கொடுத்தவள் நான்தான். காலையில் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டுதான் அம்மா அடுப்படிக்கே போவார்.

எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண் தெரிந்தது. சதைத் துணுக்கைச் சோதித்ததில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. 'புற்று இல்லை' என்று ரிப்போர்ட் வரும்வரை நான் தூங்கவில்லை.

காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் இந்தக் கிருமியோ, வலி மாத்திரையோதான் காரணமாம். கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்.

14 நாள் ஆன்டிபயாடிக், கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. வலி மாத்திரைக்குப் பதில் பிசியோதெரபி. கிருமி போய்விட்டதா, புண் ஆறிவிட்டதா என்று பிறகு மறுபடியும் சோதித்தார்கள்.

எல்லா அஜீரணமும் அல்சர் அல்ல; பலருக்கு எண்டோஸ்கோப்பியில் எதுவுமே தெரியாது. ஆனால் எடை குறைந்தால், மலம் தார் போலக் கறுத்தால், ரத்த வாந்தி வந்தால், விழுங்கச் சிரமப்பட்டால் கைவைத்தியம் வேண்டாம். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்தால் சோடா தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாடு, அதுவும் அளவாக. இதுதான் அம்மாவுக்கு இப்போது விதி. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு பத்து மணிக்கு மிச்சத்தைச் சாப்பிட்டே பழகியவர் அவர். முதல் நாள் ஏழு மணிக்கு இட்லி வைத்தபோது நெளிந்தார்.

"எல்லாருக்கும் முன்னாடி உக்காந்து சாப்பிட ஒரு மாதிரி இருக்குடி."

என் தட்டையும் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று மூன்று இட்லி சாப்பிட்டார் அம்மா. ஏப்பமே வரவில்லை!