ஓட்டோ எப்போது திரும்பி வரும்?

விபத்தில் அடிபட்ட வாகனம் கராஜுக்குள் போனால் எத்தனை நாளில் வெளியே வரும்? சொந்தப் பாவனைக்கு வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு சிரமம். ஓட்டோ ஓடி உலை வைக்கும் எங்களைப் போன்ற பெண்களுக்கோ அது சோற்றுக் கணக்கு. என்னுடைய ஓட்டோ 24 நாட்கள் நின்றது. அந்த நாட்கள் எங்கே போயின என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன். உங்களில் யாருக்காவது உதவும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

2009 இல் கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பின், மூன்று பிள்ளைகளோடு கிளிநொச்சியில் மீளக்குடியமர்ந்தேன். கோழி வளர்த்தேன், தையல் தைத்தேன். பிறகு லீசிங்கில் ஓட்டோ எடுத்தேன். காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன். இடையில் ஆஸ்பத்திரி, சந்தை ஓட்டங்கள். கடைசி மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த 2023 நவம்பரில், ஒழுங்கையிலிருந்து ஏ-9 வீதிக்கு ஏறிய வான் ஒன்று ஓட்டோவின் இடப்பக்க முன்பகுதியில் மோதியது. நல்ல காலம், ஓட்டோவில் பிள்ளைகள் இல்லை. எனக்கு முழங்கையில் உரசல் காயம் மட்டுமே. நின்ற இடத்திலிருந்தே பொலிசுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்தேன்.

கராஜில் கேட்டேன்: “தம்பி, எத்தனை நாள் பிடிக்கும்?”

“அக்கா, தகரம் அடிச்சு எடுக்கிறது மூண்டு நாள் வேலைதான். மற்றதெல்லாம் எங்கட கையில இல்லை.”

அவர் சொன்னது உண்மைதான்.

முதல் 8 நாட்கள் கடதாசிக்குப் போயின. காப்புறுதி மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, செலவை அங்கீகரிக்கும்வரை வேலை தொடங்கமாட்டார்கள். நான்காம் நாள் அங்கீகாரம் கிடைத்தது. முன்பகுதியைக் கழற்றியபோதுதான் உள்ளே தரைத் தகரமும் வளைந்திருப்பது தெரிந்தது. மறுபடியும் மதிப்பீடு, இன்னும் நான்கு நாட்கள். மதிப்பீட்டாளரின் சம்மதத்தோடு முதலிலேயே கழற்றிப் பார்த்து, எல்லாச் சேதத்தையும் ஒரே பட்டியலில் எழுதுவித்தால் இந்த இரண்டாவது நான்கு நாட்களை மிச்சம்பிடிக்கலாம்.

அடுத்த 7 நாட்கள் பாகங்களுக்கு. முன்சில்லைத் தாங்கும் போர்க், முன்கண்ணாடி, மட்காட், லைற் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு எல்லோரும் பழைய வண்டியையே திருத்தித் திருத்தி ஓடினோம். 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்தபோது பாகங்களின் விலை ஏறியது. எங்கள் ஊர்க் கடையில் போர்க் இருக்கவில்லை, கொழும்பிலிருந்து வந்தது. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கினாலும், எந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்று அங்கீகாரம் வருவதற்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

தகர வேலை சொன்னபடியே 3 நாட்களில் முடிந்தது. இதில் அவசரப்படுத்தக் கூடாது. நெளிந்த தகரத்தை இழுத்துத் தட்டிச் சீராக்காமல், பள்ளத்தில் பட்டியைத் தடிப்பாக அப்பி மூடினால், எங்கள் வீதிகளின் குலுக்கலில் அது விரைவிலேயே வெடித்துவிடும்.

கடைசி 6 நாட்கள் பெயின்றுக்கு. பட்டி பூசி, காயவிட்டு, தேய்த்து, அடிப்பூச்சு அடித்து, அதையும் தேய்த்த பிறகே நிறம் ஏறும். அது மாரிகாலம். ஈரக்காற்றில் அடித்தால் சில பெயின்ற் வகைகள் வெளிறிப் போகும் என்று இரண்டு நாள் வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். அது தேவையான தாமதம்.

அந்த 24 நாட்களும் உழைப்பு இல்லை. என் காப்புறுதி திருத்தச் செலவைத்தான் தந்தது, இழந்த நாட்கூலியைத் தரவில்லை. லீசிங் அலுவலகத்துக்கு மதிப்பீட்டுப் பத்திரத்தின் பிரதியோடு போய், தவணைக்கு அவகாசம் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்தேன். எங்கள் தரிப்பிடத்தில் ஓடும் ஓர் அண்ணர் என் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றினார். அந்தப் பணம் அவருக்குப் போனாலும், வாடிக்கை எனக்கு மிஞ்சியது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருக்கும் சகோதரிகள் ஒன்றைக் கவனியுங்கள்: அது உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் தராது. பிழை மற்றவருடையதென்றால் அவரிடமோ அவருடைய காப்புறுதியிடமோதான் கேட்க வேண்டும். அதற்குப் பொலிஸ் பதிவு துணை நிற்கும்.

வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாரமெடுங்கள். நேரான வீதியில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால், பிரேக்கில் குறை தெரிந்தால், அங்கேயே திருப்பிக் கொடுங்கள். மாற்றிய பாகங்களின் பற்றுச்சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.

காத்திருப்பு எங்களுக்குப் புதிதல்ல. ஒரு பதிலுக்காக வருடக்கணக்கில் படியேறி இறங்கிய கால்கள் இவை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், மற்ற இடங்களிலும் “எப்ப?” என்று கேட்காமலே சிலர் இருந்துவிடுகிறோம். தகரத்துக்கும் பெயின்றுக்கும் நாட்கணக்கு உண்டு, கடதாசிக்கும் உண்டு. எந்த நாள் வேலைக்குப் போகிறது, எந்த நாள் மேசையில் கிடந்து போகிறது என்று கேளுங்கள். கேட்பது சண்டை பிடிப்பதல்ல. அந்த நாட்களுக்கான சோறு எங்கள் பிள்ளைகளுடையது.