நோட்டு யார் கையில்?

2012 நவம்பர் 7 சாயங்காலம். தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள். தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று காலனிகளையும் சாதிவெறிக் கும்பல் சூறையாடிக் கொளுத்தியது. 250 வீடுகளுக்கு மேல். சனங்கள் ஓடி ஒளிந்ததால் உயிர் தப்பியது. நம் பையன் ஒருவன் வன்னியர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான், பெண்ணின் அப்பா தற்கொலை செய்துகொண்டார் என்பதுதான் சொன்ன காரணம். எரிந்தது என்ன? பெங்களூருக்குப் போய் மூட்டை தூக்கி, கட்டட வேலை செய்து வாங்கிய பீரோ, டிவி, வண்டி, பிள்ளைகளின் சர்டிபிகேட். 1995-இல் கொடியன்குளத்தில் வளைகுடாக் காசில் எழும்பிய வீடுகளைப் போலீசே அடித்து நொறுக்கியது. நாம் நாலு காசு சேர்த்தால் எங்கே வலிக்கிறது என்று தெரிகிறதல்லவா?

நான் அப்போது எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். அரூர் பக்கத்துக் காலனிக்காரன். நண்பர்களோடு இரண்டு மூட்டை அரிசியும் ஒரு நோட்டுமாகப் போனேன். வீடு வீடாக உட்கார்ந்து, என்னென்ன போச்சு என்று எழுதினேன். பெரிய வேலை செய்கிற நினைப்பு. ஒரு ஆயா சுவரில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சுவர் மட்டும்தான் மிச்சம். "ஏங்கண்ணு, காலையிலிருந்து நீ எத்தினாவது ஆளுன்னு தெரியுமா? எல்லாரும் எழுதிக்கினு போறீங்க. எங்க கையில ஒரு துண்டுச் சீட்டு இருக்குதா?" என்றது. எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. அந்த நோட்டையும் நான் ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த அதிகாரியிடமும் அது போய்ச் சேரவில்லை. இன்றைக்கும் என் பெட்டியில்தான் கிடக்கிறது.

பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995-இல் வந்த விதிகள் இருக்கின்றன. உணவு, தண்ணீர், துணி, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் உடனடி நிவாரணமாகத் தர மாவட்ட நிர்வாகம் கடமைப்பட்டிருக்கிறது. எரிந்த வீட்டை அரசு செலவில் கட்டித்தர வேண்டும். இது தெரியாமல் நாங்கள் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தர்மம் செய்யப் போயிருந்தோம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை எங்கள் பக்கம் கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., அரூரில் 30-க்கு மேல். ஏரி உடைந்ததா திறந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. விடியும்போது காலனியில் இடுப்பளவு தண்ணீர். காலனி எப்போதும் பள்ளத்தில்தானே இருக்கும்! மேட்டு நிலம் நமக்கு யார் கொடுத்தார்கள்?

தண்ணீர் வடிந்ததும் அரசு அறிவித்தது: சேதமான குடிசைக்கு 10,000, செத்த ஆட்டுக்கு 4,000, பயிருக்கு எக்டேருக்கு இவ்வளவு என்று. பயிர்ப் பணம் பட்டாக்காரனுக்கு. வாரத்துக்கு உழுதவனுக்கு ஒன்றுமில்லை. பத்து நாள் கூலி போனவளுக்கு அந்தப் பட்டியலில் வரியே கிடையாது. 2004 சுனாமியிலும் இதேதான் நடந்தது. படகு போனவர்கள் கணக்கில் வந்தார்கள். நாகப்பட்டினத்துத் தலித் கூலிகள் விடுபட்டார்கள். பிணம் தூக்கும்போது மட்டும் நம்மாட்களை மறக்கவில்லை.

இந்தத் தடவை நான் எழுதவில்லை. பன்னிரண்டாவது படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள் எழுதினார்கள். ராத்திரி மாரியம்மன் கோயில் திட்டில் எல்லாரையும் கூட்டி, சத்தமாகப் படித்தார்கள். சண்டை வந்தது. "அவனுக்கு ஏது நாலு ஆடு? ரெண்டுதான்!" என்று ஒரு அக்கா எழுந்தாள். "உன் வூட்டுக் கணக்க மொதல்ல படிக்கச் சொல்லு" என்று அவன் எகிறினான். அரை மணி நேரம் கூச்சல். கலைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் கடைசியில் இரண்டு ஆடு என்று அவனே அடிக்கச் சொன்னான். தெருவே கேட்டுத் திருத்திய கணக்கை அதிகாரி அவ்வளவு சுலபமாகப் பொய் என்று சொல்ல முடியாது.

ஆட்டுக்குத்தான் பெரிய சிக்கல். செத்ததற்குக் கால்நடை டாக்டர் சான்று கேட்டார்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஆட்டின் உடலை எங்கே தேடிக் காட்டுவது? ஒவ்வொரு ஆட்டுக்கும் பக்கத்து வீட்டார் மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுவது என்று முடிவானது. முந்தின ராத்திரி சண்டை போட்ட அக்காதான் அந்த இரண்டு ஆட்டுக்கும் முதல் கைநாட்டு வைத்தாள். மனுவை முப்பது பேராகப் போய்க் கொடுத்தோம். "ரெண்டு பேர் மட்டும் உள்ள வாங்க" என்றார்கள். "எல்லாருந்தான் நனைஞ்சோம்" என்றாள் ஒரு கிழவி. உள்ளே போனோம்.

குடிசைக்குப் பணம் பெரும்பாலும் வந்தது. ஆட்டுக்குச் சிலருக்கு மட்டும். கூலிக்கு வரவேயில்லை, அந்த மனுவின் நகலைத் தூக்கிக்கொண்டு இன்னும் அலைகிறோம். நோட்டு மூன்று பிரதி. ஒன்று பெண் பிள்ளைகளிடம், ஒன்று டீக்கடையில், ஒன்று அந்த அக்காவின் அரிசி டிரங்குப் பெட்டியில். என்னிடம் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.