டோல்கேட்டில் ஒரு வால்வைக் கழற்றுகிறார்கள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், டோல்கேட் மெட்ரோ நிலையத்துக்கு அருகே கடல் பக்கம் திரும்பும் சந்து ஒன்றில் அந்தப் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை. இரண்டு கார் நிற்க இடம், மூன்றாவது வந்தால் தெருவில்தான். நான் போன நேரம் ஒரு டீசல் வாடகைக் காரின் பானெட் திறந்திருந்தது.

"இன்ஜின் லைட் எரியுதுண்ணே. ஏசி போட்டா வண்டி இழுக்க மாட்டேங்குது. பின்னாடி கரும்புகை தள்ளுது" என்று ஓட்டுநர் சொல்லி முடிப்பதற்குள் மேஸ்திரி ஸ்கேனரைச் செருகியிருந்தார். பி0404 என்று வந்தது. கம்ப்யூட்டர் சொன்ன இடத்துக்கு ஈஜிஆர் வால்வு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அவர் அதோடு விடவில்லை. ஸ்கேனரிலிருந்தே வால்வைத் திற, மூடு என்று ஏவி, திரையில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோடு வந்த உடனே பார்ட்ஸ் மாத்துறவன் மெக்கானிக் இல்ல சார், சேல்ஸ்மேன்" என்றார் என்னிடம்.

இந்த வால்வின் வேலை விசித்திரமானது. எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்புகிறது. நாம் இழுக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். சாதாரணமாக அது எதோடும் சேராது. ஆனால் சிலிண்டருக்குள் வெப்பம் சுமார் 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டினால் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிவிடும். நுரையீரலை அரிக்கும் வாயு அது, வெயில் பட்டால் ஓசோன் உருவாகவும் காரணமாகிறது. ஏற்கெனவே எரிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு, வெப்பத்தை உறிஞ்சும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அதிகம். அதைக் கொஞ்சம் கலந்தால் எரிதல் தணிகிறது.

கழற்றுவதுதான் இங்கே பெரும்பாடு. பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டு, வயர் சாக்கெட்டைப் பிடுங்கியபின் போல்ட்டுகள். கடற்காற்று அவற்றைத் தின்று வைத்திருந்தது. துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டால் போல்ட் தலை முறிந்து கையோடு வந்துவிடும், அப்புறம் துளை போட்டு எடுக்கவே அரை நாள் ஆகிவிடும் என்றார் மேஸ்திரி. உதவிக்கு இருந்த தம்பி ஒவ்வொரு போல்ட்டையும் கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று முடுக்கி, மறுபடி தளர்த்தி எடுத்தான். அந்தப் பொறுமையை எந்த ஐடிஐ பாடத்திலும் வாங்க முடியாது.

வெளியே வந்த வால்வின் வாய் கண்ணுக்குத் தெரியவில்லை. வெயிலில் இளகிய தார் போல கரி. வெறும் கரித்தூள் இப்படி ஒட்டாது. இன்ஜினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவி அதோடு சேர்ந்துதான் பிசினாகிறது. ஏன் இந்தப் பகுதி வண்டிகளுக்கு இது அதிகம் என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. டீசல் காரில் இந்த வால்வு அதிகம் திறப்பது மெதுவாக, சுமையில்லாமல் ஓடும்போதுதான். முழு வேகத்தில் மூடிக்கொள்ளும். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் நாளில் காசிமேட்டிலிருந்து டோல்கேட் வரை முதல் கியரில் ஊரும் காருக்கு வால்வு மூடவே நேரமில்லை.

கார்புரேட்டர் கிளீனரை அடித்து, நைலான் பிரஷால் தேய்த்தான் தம்பி. மோட்டார் இருக்கும் பக்கத்தை நனைய விடவில்லை. கத்தியால் சுரண்டினால் வால்வு உட்காரும் இடத்தில் கோடு விழும், பிறகு எப்போதும் கசியும். துடைத்து மாட்டி ஏவிப் பார்த்தால் எண் இன்னும் தடுமாறியது. உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்குமே என்றார் ஓட்டுநர். "இன்னொருத்தன் கழட்டிப் போட்ட கரிய நீ காசு குடுத்து வாங்குவியா?" ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து புதியது வந்தது, கூடவே புது கேஸ்கெட்டும். மாட்டியபின், மூடிய நிலை எது என்று கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் மூலம் மறுபடி கற்றுக்கொடுத்தார்கள்.

இவ்வளவு செலவு வேண்டாமென்றால் குறுக்கு வழி உண்டு. புகை திரும்பும் பாதையில் தகரத் தகடு ஒன்றை வைத்து அடைத்துவிடுவது. 'டம்மி' என்கிறார்கள். வண்டி இழுக்கும், கரி சேராது, கரும்புகைகூடக் குறையும். நம் ஊர்ப் புகைச் சோதனையில் டீசல் காருக்கு அளப்பது புகையின் அடர்த்தியை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி பார்ப்பதேயில்லை. ஆக, நஞ்சைக் கூட்டிய கார் சான்றிதழோடு வெளியே வரும். 2015இல் மாட்டிக்கொண்ட ஃபோக்ஸ்வேகன் சோதனைக்கூடத்தில் ஒழுங்காகவும் சாலையில் வேறாகவும் நடக்க மென்பொருள் எழுதியது. இங்கே அதைத் தகரத் துண்டு செய்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவில் காற்று மாசு விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. கண்டுபிடித்தால்தானே!

இதே வால்வை நம்பிப் பெரிய பந்தயம் கட்டியவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுதும் பிஎஸ்-4 மாசு விதி கட்டாயமானபோது, கனரக வண்டி தயாரிப்பவர்களில் பலர் யூரியாக் கரைசல் தெளிக்கும் எஸ்சிஆர் முறைக்குப் போனார்கள். எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட் ஈஜிஆரையே மேம்படுத்தி 'ஐஈஜிஆர்' என்று கொண்டுவந்தது. யூரியாச் செலவு இல்லாதது லாரிக்காரர்களுக்குப் பிடித்தது. 2020இல் பிஎஸ்-6 வந்ததும் அவர்களும் எஸ்சிஆருக்கு வந்தார்கள்.

எண்ணூர், மணலிப் புகைபோக்கிகளுக்கு முன்னால் ஒரு காரின் வால்வு எம்மாத்திரம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் சைலன்சரின் வாய் பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளையின் முகத்தருகே இருக்கிறது.

மேஸ்திரி டம்மி அடிப்பதில்லை. அடித்துத் தரும் இடங்கள் அருகிலேயே உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். பில்லை நீட்டியபடி ஓட்டுநரிடம் சொன்னார்: "வாரத்துக்கு ஒரு தபா மீஞ்சூர் வெளிவட்டச் சாலைல ஏத்தி, அரை மணி நேரம் நல்லா விட்டு ஓட்டு தம்பி. கரி சீக்கிரம் புடிக்காது."

"அங்க யாருண்ணே சவாரி புக் பண்றாங்க?" என்றார் அவர். கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கச் சொல்லியும் பார்த்தார்.